கயிறு போன ஊரும் திரும்பி வந்த வழியும்

இந்த வாரம் ஒரே ஒரு சொல்லைப் பத்திப் பேசப் போறேன். கயிறு.

மதகடிப்பட்டுக்காரங்களுக்குக் கயிற்றைப் பத்தி நான் சொல்லித்தர ஒண்ணும் இல்லை. செவ்வாய்க்கிழமை மாட்டுச் சந்தைக்கு வந்தா மூக்கணாங்கயிறு, தலைக்கயிறு, தாம்புக்கயிறுன்னு வேலைக்கு ஒரு பேர் இருக்கு. பல ஊர்கள்ல மாட்டை வித்தவர் மாட்டைக் கொடுப்பார், தன் கயிற்றைக் கொடுக்க மாட்டார். கயிற்றோட போனா வீட்டு லட்சுமியும் கூடவே போயிடும்னு நம்பிக்கை. வாங்கினவர் புதுக் கயிறு மாத்திக் கூட்டிட்டுப் போவார். இன்னைக்கு அந்தப் புதுக் கயிறு பெரும்பாலும் நைலான். ஆனா பேர் மாறலை, நைலானும் கயிறுதான்.

இதே புதுச்சேரியில இன்னொரு மொழியும் ரொம்ப நாள் ஆட்சி மொழியா இருந்தது. வில்லியனூர் திருக்காமீசுவரர் தேருக்குப் பிரெஞ்சு கவர்னர் வந்து வடம் பிடிச்ச வழக்கம் உங்களுக்குத் தெரியும். நாம வடம்னு சொன்னதை அவர் தன் மொழியில ‘கோர்த்’னு சொல்லியிருப்பார். பிரெஞ்சுல கயிற்றுக்கு அதுதான் சொல்.

இங்கதான் பிரச்சினை ஆரம்பிக்குது. ‘கோர்த்’ங்கிறது நம்ம ‘கொடி’தானே? துணி காயப்போடுற கொடி, தாலிக்கொடி, தொப்புள்கொடி, எல்லாம் கயிறு மாதிரிதானே இருக்கு? தமிழ்லேர்ந்துதான் பிரெஞ்சுக்காரன் எடுத்தான்னு சொல்லலாமா? என்கிட்ட இதைக் கேட்டவங்க நிறைய பேர். ஆசையாத்தான் இருக்கு. ஆனா உண்மை அது இல்லை.

ஏன்னு சொல்றேன். பிரெஞ்சு, இத்தாலியன், ஸ்பானிஷ், போர்ச்சுகீசு, ருமேனியன் எல்லாமே லத்தீன் பெத்த பிள்ளைகள். லத்தீன்ல ‘கோர்டா’. இத்தாலியன்லயும் போர்ச்சுகீசுலயும் அது அப்படியே ‘கோர்டா’. ஸ்பானிஷ்ல ‘குவேர்டா’. ருமேனியன்ல ‘குவார்ட’, அங்கே அது கயிற்றைவிட வாத்திய நரம்பைத்தான் அதிகம் குறிக்கும். இந்த மாற்றம் தாறுமாறா நடக்கலை. வாசல் கதவுக்கான சொல்லைப் பாருங்க. லத்தீன்ல ‘போர்ட்டா’, ஸ்பானிஷ்ல ‘புவேர்த்தா’, ருமேனியன்ல ‘புவார்த்த’, பிரெஞ்சுல ‘போர்த்’. கயிறு எப்படி மாறுச்சோ கதவும் அப்படியே மாறியிருக்கு. சொற்கள் சொந்தமான்னு பார்க்க இதுதான் சோதனை. ஒரு சொல்லு முகஜாடையில ஒத்துப்போனா பத்தாது, வரிசையா பல சொற்கள் ஒரே மாதிரி மாறியிருக்கணும்.

அந்த லத்தீன் ‘கோர்டா’ கிரேக்கத்திலேர்ந்து வந்தது. கிரேக்கத்துல அதுக்கு முதல் அர்த்தம் குடல். ஆட்டுக் குடலை முறுக்கி யாழுக்கு நரம்பு கட்டினாங்க. குடல் நரம்பாச்சு, நரம்பு கயிறாச்சு. நூலைக் குறிக்கிற ஆங்கிலச் சொல் ‘யார்ன்’ கூட இதுக்கு ஒண்ணுவிட்ட சொந்தம்தான். நம்ம கொடியோ செடியிலேர்ந்து படர்ந்தது. ஒண்ணு வயித்துக்குள்ள பிறந்தது, இன்னொண்ணு வேலியில படர்ந்தது.

லத்தீன்ல கயிற்றுக்கு ‘ஃபூனிஸ்’னு இன்னொரு சொல்லும் இருந்தது. இத்தாலியன்ல ‘ஃபூனே’, ருமேனியன்ல ‘ஃபூனியே’ன்னு அது இன்னும் உயிரோட இருக்கு. பிரெஞ்சுல கயிற்றுக்குப் புழங்குற சொல்லா அது நிலைக்கலை. ஆனா கயிற்று மேல நடக்குற வித்தைக்காரருக்குப் பேர் ‘ஃபூனாம்பூல்’. சொல் போயிடுச்சு, கழைக்கூத்தாடி மட்டும் இன்னும் அது மேல நடந்துட்டிருக்கார்! பிரெஞ்சு தெரிஞ்ச பென்ஷன்காரங்க கேட்டா சிரிக்கிற இன்னொரு விஷயம்: செருப்பு தைக்கிறவருக்குப் பிரெஞ்சுல ‘கோர்தொன்னியே’. உள்ளே கயிறு இருக்கிற மாதிரியே தெரியும். ஆனா அது ஸ்பெயின்ல இருக்கிற கோர்டோபா ஊர் தோலிலேர்ந்து வந்த பேர். பிரெஞ்சுக்குள்ளயே ஜாடை இப்படி ஏமாத்துதுன்னா, கோர்த்துக்கும் கொடிக்கும் நடுவுல எவ்வளவு ஏமாத்தும்?

சரி, நம்ம பக்கத்துலேர்ந்து கயிறு அந்த மொழிகளுக்குப் போகவே இல்லையா? போயிருக்கு. கூட்டிட்டுப் போனவங்க போர்ச்சுகீசுக்காரங்க, ஏறின துறை மலபார்.

தமிழ்ல ‘கயிறு’, மலையாளத்துல ‘கயர்’, ‘கயறு’. கூடப்பிறந்த சொற்கள். 1498-ல வாஸ்கோ ட காமா கோழிக்கோடு வந்தப்போ அந்தக் கரையில கப்பல் பலகைகளை ஆணி அடிக்காம, தென்னை நார்க் கயிற்றால தைச்சிருந்தாங்க. தேங்காய் மட்டையைக் காயல் தண்ணியில மாசக்கணக்கா ஊறவெச்சு, அடிச்சு, நார் எடுத்துத் திரிச்ச கயிறு. கடல் தண்ணியில சீக்கிரம் மக்காது, மிதக்கும், இழுத்தா கொஞ்சம் கொடுக்கும். பாய்மரக் கப்பல்காரனுக்கு வேற என்ன வேணும்? பொருளை எடுத்தவங்க பேரையும் சேர்த்தே எடுத்துக்கிட்டாங்க: ‘கைரோ’. போர்ச்சுகல்ல கடைசி ஓகாரத்தை ‘உ’ மாதிரிதான் சொல்வாங்க. அதனால அவங்க வாயில அது ‘கைரு’ன்னு விழும். கேட்டா நம்ம ஆள்னு தெரிஞ்சுடும்.

1563-ல கோவாவில் அச்சான கார்சியா த ஓர்த்தாவின் மருந்துப் பொருள் நூலில், மலபார்க்காரர்கள் சொல்ற பேர்தான் எங்களுக்கும்னு அவரே சொல்லிடுறார். அதனால இது நம்ம ஊகம் இல்லை, எடுத்தவங்க எழுதிக்கொடுத்த ரசீது. 1602-ல மாலத்தீவுல கப்பல் உடைஞ்சு மாட்டிக்கிட்ட பிரெஞ்சுக்காரர் பிரான்சுவா பிரார், ஊர் திரும்பி எழுதின பயணக் கதையிலயும் ‘கைரோ’ இருக்கு.

ஆனா ஸ்பானிஷ்ல அதே தென்னை நாருக்குப் பேர் ‘போனோத்தே’. அவங்க பிலிப்பைன்ஸ் பக்கம் போனாங்க, அங்கே தகாலோக் மொழியில தேங்காய் மட்டை ‘புனோட்’. ஸ்பானிஷும் போர்ச்சுகீசும் கூடப்பிறந்த மொழிகள், நாரும் ஒண்ணுதான். ஆனா எந்தத் துறையில சரக்கு ஏத்தினாங்களோ அந்தத் துறையோட பேர்.

போற வழியில அர்த்தம் சுருங்கினதையும் கவனிக்கணும். இங்கே எதுல திரிச்சாலும் கயிறு. அங்கே ‘கைரோ’ன்னா தென்னை நார் மட்டும்தான். கட்டுற கயிறு ‘கோர்டா’வாவே இருந்துட்டது. வீட்டுச் சொல் நகரலை, வந்த சொல்லுக்கு ஒரு சின்ன அறை கிடைச்சது.

ஆங்கிலத்துல அதுவே ‘காயர்’ ஆச்சு. அப்புறம் அது நம்ம கிட்டயே திரும்பி வந்தது. மெத்தைக் கடையில ‘காயர் மெத்தை’ன்னு கேக்குறோம். மாடித்தோட்டத்துக்கு ‘காயர் பித்’ கட்டி வாங்குறோம். கையில இருக்கிறது தேங்காய் மட்டை, வாயில இருக்கிறது ஊர் சுத்தி வந்த நம்ம கயிறு. வெளியூர்ச் சொல்னு நினைச்சு அதைத் தனியா வெச்சிருக்கோம். ‘நார்’னு அழகான சொல் இருக்கேன்னு கோபப்படுறவங்க உண்டு. எனக்குக் கோபம் வரலை. இந்தச் சொல்லை நான் விரட்ட மாட்டேன்.

கொடியை வெச்சுப் பெருமைப்படுறதைவிட இந்தக் கதை எனக்குப் பிடிக்கக் காரணம், இதுல ஒவ்வொரு முடிச்சையும் தொட்டுக் காட்ட முடியும். கட்டுமரமும் அப்படித்தான், ‘கத்தமரான்’னு பிரெஞ்சுக்குப் போன நேரான தமிழ்ச் சொல். மரங்களைக் கயிற்றால கட்டினது. அதுக்குத் தனி எபிசோடு வேணும், அடுத்த வாரம் பேசுவோம்.

அதுக்குள்ள ஒரு வேலை. உங்க வீட்டுல மாடு இருந்தா, அதைக் கட்டுற கயிறுகளுக்கு உங்க ஊர்ல என்னென்ன பேர்னு குரல் பதிவா அனுப்புங்க. பாகூர்ப் பக்கம் ஒண்ணு, திருபுவனைப் பக்கம் ஒண்ணுன்னு இருந்தா இன்னும் நல்லது. நைலான் வந்த பிறகு எந்தப் பேர் நின்னுபோச்சுங்கிறதையும் சொல்லுங்க.