கூரைமேல் சூரிய மின்சாரம்: நம் இல்லங்கள் தயங்குவது ஏன்?

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவில் ஆற்றிய உரை)



வெயிலுக்குப் பஞ்சமில்லாத மண்ணில் வாழ்கிறோம். சுமார் 100 சதுர அடி மாடியில் அமையும் 1 கிலோவாட் சூரியத் தகடுகள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 யூனிட் மின்சாரம் தரும். 2024 பிப்ரவரியில் தொடங்கிய ‘பி.எம். சூர்ய கர்’ திட்டம் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாயும், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் எனில் 78,000 ரூபாயும் மானியமாக அறிவித்தது. இருந்தும் நம்மில் பலர் தயங்குகிறோம். விலை ஒன்றே இதற்குக் காரணம் அன்று.

முதலாவது, நாம் இப்போது கட்டும் மின்கட்டணம். தமிழகத்தில் இரு மாதங்களுக்கு 100 யூனிட் இலவசம் என்ற ஏற்பாடு 2016 மே மாதம் வந்தது. சிறிதளவே மின்சாரம் செலவிடும் குடும்பத்திற்குச் சூரியத் தகடுகளால் மிச்சமாவது சொற்பம். அதன் தயக்கம் நியாயமானதே. குளிர்சாதனமும் மோட்டாரும் ஓடி, கட்டணம் படிப்படியாக ஏறும் இல்லத்திற்கே இலாபம் மிகுதி.

இரண்டாவது, பணம் கேட்கப்படும் முறை. பயன் 25 ஆண்டுகளில் சிறுகச் சிறுக வருகிறது. செலவோ ஒரே நாளில் வருகிறது. மானியமும் பணி முடிந்த பின்னரே வங்கிக் கணக்கில் சேர்கிறது. வங்கிக் கடன் உண்டு. ஆனால் வட்டியை விலக்கி வாழும் குடும்பங்களுக்கு அவ்வாசல் அடைபட்டே இருக்கிறது.

மூன்றாவது, கூரையின் உரிமை. வாடகைக்கு இருப்பவரும், பாகம் பிரியாத பூர்வீக வீட்டில் வசிப்பவரும் பிறர் இசைவின்றி முதலீடு செய்ய இயலாது.

நான்காவது, நம்பிக்கை. மின்கலம் இன்றி மின்வாரியக் கம்பியுடன் இணைந்த அமைப்பு, மின்தடையின்போது தானும் நின்றுவிடும். கம்பியில் பணிபுரியும் ஊழியரின் உயிரைக் காக்கவே இவ்வேற்பாடு. இதனை முன்கூட்டியே சொல்லாமல் விற்றால், ஏமாந்த ஒரு வீடு தெருவையே தயங்க வைத்துவிடும்.

வங்கதேசத்தின் அனுபவம் இங்கு எண்ணத்தக்கது. 2003 முதல் 2018 வரை, மின்கம்பி எட்டாத கிராமங்களில் 40 இலட்சத்திற்கும் மேற்பட்ட வீடுகள் சிறு சூரிய அமைப்புகளைப் பெற்றன. சிறிய முன்பணம், எஞ்சியது மாதத் தவணை, பழுது பார்க்க அருகிலேயே ஆள். மண்ணெண்ணெய்க்குச் செலவான பணம் தவணைக்கு உதவியது. பின்னர் மின்கம்பி பரவியதும், சில இடங்களில் தகடுகள் இலவசமாக வழங்கப்பட்டதும், தவணை கட்டும் மனம் குன்றியது. மக்கள் கணக்குப் பார்த்தே முடிவெடுக்கின்றனர் என்பதே இதன் படிப்பினை.

ஆகவே, பெருமக்களே, நாம் மூன்று காரியங்களைப் பரிசீலிக்கலாம். பைத்துல்மால் நிதியின் தகுதியான ஒரு பகுதியை வட்டியில்லாக் கடனாகத் தந்து, மிச்சமாகும் மின்கட்டணத்தைக் கொண்டே தவணையைத் திரும்பப் பெறலாம். ஓராண்டு மின்கட்டண அட்டையைப் பார்த்து, யாருக்குப் பயன், யாருக்கு வேண்டியதில்லை என்று நேர்மையாகச் சொல்ல ஒரு குழு அமைக்கலாம். பல வீடுகள் ஒன்றுகூடி விலையும் பராமரிப்பும் பேசலாம்.

பயனற்ற வீட்டின் மீது கடனை ஏற்றுவதும், பயனுள்ள வீட்டை வட்டிக்கு அஞ்சி விலகி நிற்க விடுவதும் நமக்கு அழகன்று. இதனை இவ்வாண்டே ஆலோசித்து முடிவெடுப்போமாக.