பிரசவ வகுப்புக்குப் பணம் வேண்டாம், கொட்டாங்குச்சியும் கோழிமுட்டையும் போதும்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்துல ஒரு அக்கா எழுந்து கேட்டாங்க. "கர்ப்பிணிகளுக்கு வகுப்பு நடத்தச் சொல்றீங்க. படம் வேணும், பொம்மை வேணுங்கறீங்க. அதுக்கு ஏதுங்க பணம்? சேமிப்புல கை வைக்க முடியுமா?" நியாயமான கேள்விதான். சேமிப்பில் கை வைக்க வேண்டாம். எப்படி என்று சொல்வதற்கு முன்னால், நான் செய்த ஒரு தப்பைச் சொல்லிவிடுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதுசு. கடையில் காசு கொடுத்துப் பளபளப்பான படங்கள் வாங்கிப் போய் ஒரு தறிக்கார ஊரில் வகுப்பு நடத்தினேன். "முகம், கை வீங்கினால், விடாமல் தலைவலித்தால், கண் மங்கினால் உடனே ஆஸ்பத்திரி" என்று படித்துக் காட்டினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். அதில் விசைத்தறி ஓட்டும் ஒரு பெண், எட்டாம் மாதம். பத்து நாள் கழித்து அந்தப் பெண்ணுக்குத் தலைவலி. தறிச் சத்தத்தால் வந்ததென்று தைலம் தேய்த்துக்கொண்டு மூன்று நாள் படுத்திருந்தாள். நாலாம் நாள் வலிப்பு வந்துவிட்டது. 108 வண்டியில் கொண்டுபோய்த் தாயைக் காப்பாற்றினார்கள். குழந்தை தக்கவில்லை.

பிறகு பார்க்கப் போனபோது அவள் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "நீங்க காட்டுன படத்துல இருந்தது வெள்ளக்காரப் பொண்ணுங்க. அது எனக்குச் சொன்னதுன்னு தோணலைங்க அக்கா."

அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. விலை கொடுத்து வாங்கிய பொருள்தான் நல்ல பொருள் என்பதில்லை. பார்க்கிறவளுக்கு "இது என் உடம்பு" என்று தோன்ற வேண்டும்.

இலவசமாக எங்கே கிடைக்கும்?

முதலில் நம்ம நர்ஸம்மா, அதாவது கிராம சுகாதார செவிலியர். கர்ப்பத்தைப் பதிவு செய்தவுடன் கொடுக்கிற தாய் சேய் நல அட்டையே ஒரு பாடப் புத்தகம். ஆபத்து அறிகுறி, தடுப்பூசி, சத்துணவு எல்லாம் அதில் படத்தோடு இருக்கிறது. நம்மில் பலர் அதைப் பாலித்தீன் பையில் சுருட்டிப் பீரோவில் வைத்துவிடுகிறோம். வகுப்புக்கு வரும்போது அவரவர் அட்டையைக் கொண்டுவரச் சொல்லி, ஒவ்வொரு பக்கமாக விரித்துப் பேசினாலே ஒரு மாதப் பாடம் ஆகிவிடும். துணை சுகாதார நிலையத்திலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் சுவரொட்டி, புரட்டுப் படங்கள் இருக்கும். சும்மா கேட்டால், "அப்புறம் பார்க்கலாம்" என்பார்கள். குழுவில் தீர்மானம் போட்டு, கையெழுத்தோடு கடிதம் கொண்டுபோங்க. வாங்கின தேதி, திருப்பித் தரும் தேதி இரண்டையும் நோட்டில் எழுதுங்க. சொன்ன தேதியில் திருப்பினால் அடுத்த முறை அவர்களே கூப்பிட்டுக் கொடுப்பார்கள்.

இரண்டாவது, பால்வாடி. எடைக் கருவி, புஜ அளவு நாடா, வளர்ச்சி அட்டை அங்கே உண்டு. டீச்சரோடு பேசி வகுப்பையே பால்வாடியில் வைத்துக்கொண்டால் தூக்கிச் சுமக்கிற வேலையும் இல்லை.

மூன்றாவது, நர்சிங் கல்லூரிகள். சேலம், நாமக்கல் இரண்டு மாவட்டத்திலும் இவை நிறைய இருக்கின்றன. அந்தப் பிள்ளைகள் படிப்புக்காகக் கிராமத்துக்கு வரும்போது சார்ட், மாதிரிகள் செய்து விளக்க வேண்டும். பயிற்சி முடிந்ததும் அவை மூலையில் கிடக்கும். "எங்களுக்குக் கொடுத்துட்டுப் போங்கம்மா" என்று கேளுங்க.

நான்காவது, செல்போன். ஹெஸ்பெரியன் என்ற அமைப்பின் 'ஹெல்ப்பிங் ஹெல்த் ஒர்க்கர்ஸ் லேர்ன்' என்ற புத்தகம் 1982இல் வந்தது. கையில் கிடைக்கிற பொருளை வைத்துப் பாடம் சொல்வது எப்படி என்று படத்தோடு சொல்லும். இணையத்தில் இலவசம். ஆங்கிலத்தில் இருந்தாலும், கல்லூரி படிக்கிற நம்ம பிள்ளைகளை விட்டுப் படித்துச் சொல்லச் சொல்லலாம்.

வீட்டிலேயே இருக்கும் பொருட்கள்

பழைய சேலையைச் சுருட்டிக் கட்டினால் குழந்தைப் பொம்மை. தொப்புள்கொடிக்கு ஒரு முழம் கயிறு, நஞ்சுக்கொடிக்கு வட்டமாகத் தைத்த சிவப்புத் துணி. தலையணை உறைக்குள் பொம்மையைத் தலைகீழாக விட்டுக் காட்டினால், குழந்தை எப்படித் திரும்பி வருகிறது என்பது புரியும்.

கர்ப்பப்பை வாய் பத்து சென்டிமீட்டர் திறக்க வேண்டும் என்று டாக்டர் சொல்வார். எவ்வளவு அது? ஸ்கேலை வைத்து அளந்து, பத்து சென்டிமீட்டர் அகலமுள்ள கொட்டாங்குச்சி ஒன்றை எடுங்க. அதைக் கையில் கொடுத்தால், வலி ஏன் அத்தனை நேரம் எடுக்கிறது என்று அவளுக்கே தெரியும்.

பிறந்த அன்று குழந்தையின் வயிறு ஏறக்குறைய ஒரு கோலிக்குண்டு. மூன்றாம் நாள் பெரிய நெல்லிக்காய். பத்தாம் நாள் நம்ம நாமக்கல் கோழிமுட்டை. இந்த மூன்றையும் மாமியார் கையில் கொடுத்துக் காட்டுங்க. "பால் பத்தலை, சேனை வை, சர்க்கரைத் தண்ணி கொடு" என்கிற பேச்சு தானாகவே குறையும். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால், ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்.

கடைசியாக ஒன்று, இதுதான் முக்கியம். அரை லிட்டர் தண்ணீரில் குங்குமம் கரைத்துப் பழைய வெள்ளை வேட்டியில் ஊற்றுங்க. பிரசவத்துக்குப் பின் இவ்வளவு ரத்தம் போனால் உயிருக்கே ஆபத்து. இந்த அளவு வரும்வரை காத்திருக்கக் கூடாது, துணி சட்டென நனைகிறபோதே சத்தம் போட்டு நர்ஸைக் கூப்பிட வேண்டும். இதைக் கண்ணால் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போகிற அம்மாவும் அக்காவும் கட்டாயம் பார்க்க வேண்டும்.

எதை வாங்கக் கூடாது?

இலவசம் என்றால் எல்லாமே வாங்கிவிடக் கூடாது. பால் பவுடர், பால் பாட்டில் கம்பெனிக்காரர் படமோ பையோ கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லுங்க. 1992ஆம் வருஷத்துச் சட்டம், 2003இல் இன்னும் கடுமையாக்கப்பட்டது. தாய்மார்களுக்கு அன்பளிப்பு, மாதிரி கொடுத்து அவற்றைப் பரப்புவதை அது தடுக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் வகுப்பு வீட்டில் பிரசவம் பார்க்கக் கற்றுக்கொடுப்பதற்கு அல்ல. 2018 ஜூலையில் திருப்பூரில் யூ டியூப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்ததில் ஒரு பெண் ரத்தப்போக்கில் இறந்துபோனார். எப்போது கிளம்ப வேண்டும், யாரைக் கூப்பிட வேண்டும், போன இடத்தில் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான் இந்த வகுப்பு. அவசரத்துக்கு 108, சந்தேகம் கேட்க 104. இரண்டையும் சுவரில் கரிக்கட்டையால் எழுதி வைத்தாலும் போதும்.

அடுத்த கூட்டத்துக்குள் ஒவ்வொரு குழுவும் மூன்று வேலை செய்யணும். ஊரில் கர்ப்பிணிகள் யார் யார் என்று நோட்டில் எழுதுங்க. நர்ஸம்மாவுக்கு ஒரு கடிதம் கொடுங்க. ஒரு சேலைப் பொம்மை தைத்துக் கொண்டுவாங்க. யார் பொம்மை நல்லா இருக்குன்னு பார்ப்போம்.

அந்தத் தறிக்காரப் பெண்ணுக்கு அப்புறம் ஒரு பெண் குழந்தை பிறந்தது, நல்லா இருக்குது. இப்ப அந்த ஊர் வகுப்பில் வேட்டியில் குங்குமத் தண்ணீர் ஊற்றிக் காட்டுவது அவள்தான். என்னைவிட நல்லாவே சொல்லிக் கொடுக்கிறாள்.