தீவுப் பயணமும் திட்டமிட்ட செலவும்



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. பள்ளி விடுமுறை வந்துவிட்டால் தக்கலையிலும் திருவிதாங்கோட்டிலும் குளச்சலிலும் நம் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, இந்த ஆண்டு எங்கே போகிறோம் என்பதுதான். முன்பே பார்த்த இராமேசுவரம் தீவுக்கே மீண்டும் போகலாம் என்பார்கள் பலர். இதில் தவறேதும் இல்லை. பூமியில் பயணம் செய்து இறைவனின் படைப்பைச் சிந்திக்குமாறு திருக்குர்ஆன் (29:20) நம்மைத் தூண்டுகிறதன்றோ!

ஆனால், அதற்கான பணம் எங்கிருந்து வருகிறது? மறுமை நாளில் மனிதன் தன் செல்வத்தை எவ்வழியில் ஈட்டினான், எவ்வழியில் செலவிட்டான் என்று கேட்கப்படாமல் இருக்க மாட்டான் எனப் பெருமானார் (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். வளைகுடா வெயிலில் ஒரு தகப்பன் மாதக்கணக்கில் சேர்த்து அனுப்பிய பணம் நான்கே நாளில் கரைந்து போவதை நாம் காண்கிறோம்.

ஒருமுறை சென்ற ஊருக்கு மறுமுறை செல்லும்போது செலவு குறைய வேண்டும். வழி தெரியும், விலை தெரியும். தனுஷ்கோடியை 1964 டிசம்பர்ப் புயல் அழித்தபின், மணலில் செல்லும் தனி வண்டிக்குக் கூலி கொடுத்தே அங்கே போக வேண்டியிருந்தது. 2017இல் அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்பட்டதால், வந்த வண்டியிலேயே போய்த் திரும்பலாம். பாம்பனில் புதிய இரயில் பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. இரயிலில் சென்றால் வேன் வாடகையும் மிச்சமாகும்.

இருந்தும் செலவு ஏறுவதேன்? சென்ற முறையைவிடப் பெரிய வண்டி, அடுத்த வீட்டார் தங்கியதைவிட உயர்ந்த விடுதி என்று பெருமை நம்மை இழுத்துச் செல்வதால்தான். விடுதியில் கேட்ட வாடகையை மறுபேச்சின்றிக் கொடுக்கும் நாம், கடற்கரையில் சிப்பி மாலை விற்கும் ஏழைப் பெண்ணிடம் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசுகிறோம்! வீண்விரயமும் கஞ்சத்தனமும் இன்றி நடுவழியில் நிற்போரே நல்லடியார்கள் என்கிறது இறைமறை (25:67). நாமோ ஒரே நாளில் இரண்டையும் செய்துவிடுகிறோம்.

இதைவிடக் கொடியது கடன். நகையை வட்டிக்கு அடகு வைத்துச் சுற்றுலா செல்வோரும் நம்மிடையே உண்டு. கடனிலிருந்து பாதுகாவல் தேடி நபி (ஸல்) அவர்கள் தொழுகையிலேயே பிரார்த்தித்தார்கள். கடன்பட்டவன் பேசினால் பொய்யுரைக்கிறான், வாக்களித்தால் மாறுகிறான் என்று அதற்குக் காரணமும் கூறினார்கள்.

நீங்கள் செல்லும் அதே தீவில், மசூதித் தெருவில், ஒரு வீடு இருக்கிறது. 1931இல் பிறந்த அப்துல் கலாம் அவர்கள் வளர்ந்த வீடு அது. சென்னையிலுள்ள எம்.ஐ.டி.யில் அவர் சேரச் சுமார் ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டது. தந்தையிடம் அவ்வளவு பணமில்லை. மூத்த சகோதரி சொஹ்ரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். தம் சொந்த உழைப்பிலேயே அதை மீட்டுத் தருவதெனத் தம்பி உறுதிகொண்டார். அந்தத் தம்பி 2002இல் நாட்டின் குடியரசுத் தலைவரானார். அங்கே நகை கழன்றது ஒரு தம்பியின் கல்விக்காக. இங்கே கழல்வது எதற்காக?

பெற்றோர்களே! அடுத்த பயணத்திற்கு முன் குடும்பத்துடன் அமருங்கள். மாதந்தோறும் சிறு தொகையை ஒதுக்குங்கள்; சேர்ந்ததற்குள் பயணத்தை அடக்குங்கள். போதவில்லையெனில் ஓராண்டு தள்ளிப்போடுங்கள். கடல் எங்கும் போய்விடாது. கணக்கெழுதும் பொறுப்பைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். உறவினருக்கும் ஏழைக்கும் வழிப்போக்கருக்கும் உரியதைக் கொடுக்கச் சொல்லிவிட்டே வீண்விரயத்தைத் தடுக்கிறான் இறைவன் (17:26). ஆகவே, மிச்சமாகும் இடத்தில் தகப்பனில்லா உறவுப் பிள்ளை ஒன்றையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.

மகிழ்ச்சியோடு சென்று, கடனின்றித் திரும்பும் நற்பேற்றை வல்ல இறைவன் நம் குடும்பங்களுக்கு அருள்வானாக! ஆமீன்.