சிரிப்புத் தட்டும் பிடில் வித்துவானும்

நகைச்சுவை இசைத்தட்டு என்றாலே அற்பமென்று ஒதுக்குவோர் உண்டு. அமெரிக்க நாட்டுப்புற இசையில் அத்தகைய தட்டுகள் பல. அவற்றுள் ஒரு வரிசையை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன்.

ஜார்ஜியா மாநிலத்தில் கோழி வளர்த்துப் பிழைத்த கிட் டானரும், குழந்தைப் பருவத்திலேயே பார்வையிழந்த கிட்டார்க் கலைஞர் ரைலி பக்கெட்டும், வேறு சிலரும் சேர்ந்த குழு 'ஸ்கில்லெட் லிக்கர்ஸ்'. 1926-இல் இவர்கள் கொலம்பியா கம்பெனிக்காகத் தட்டுகள் பதியத் தொடங்கினர். மறு ஆண்டு வந்தது ஒரு வேடிக்கை நாடகம். தட்டின் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிடமே ஓடும். அதற்குள் நண்பர்கள் கள்ளத்தனமாகச் சோளச் சாராயம் காய்ச்சுவர், பேரம் பேசுவர், காவலருக்கு அஞ்சுவர், இடையிடையே பிடிலும் வாசிப்பர்! 1920 முதல் 1933 வரை அங்கே மதுவிலக்கு அல்லவா? வெளியில் பேசத் தயங்கியதை மக்கள் வீட்டிலிருந்து கேட்டுச் சிரித்தனர். 1930-க்குள் நாடகம் 14 பகுதிகளாக வளர்ந்தது.

ஆனால் ஒருவருக்கு இது கசந்தது. பிடில் வித்துவான் கிளேட்டன் மக்மிச்சன் ஜாஸ் இசையில் நாட்டம் கொண்டவர். பட்டிக்காட்டுக் கோமாளி வேடம் அவருக்குப் பிடிக்கவில்லை. அவர் மனக்குறை நியாயமென்றே நான் கருதுகிறேன். எனினும், மாணவர்களே, அத்தட்டுகளில் பேச்சு ஓய்ந்து பிடில்கள் எழும் சில நொடிகளைக் கேட்டுப் பாருங்கள். அங்கே கோமாளி எவருமில்லை. மக்மிச்சன் 1931-இல் 'ஜார்ஜியா வைல்ட்கேட்ஸ்' என்ற தம் சொந்தக் குழுவை அமைத்துக்கொண்டார்.