சின்னத் திருகு, பெரிய வேலை

ஓட்டுநர் நண்பர்களே! டிராக்டர் ஓட்டும் சகோதர, சகோதரிகளே!

இன்று ஒரு சின்னத் திருகைப் பற்றிப் பேசப் போகிறேன். ரேடியேட்டரின் அடியில் இருக்கிறதே, அந்தத் திருகுதான். பட்டறையில் அதை டிரெயின் பிளக் என்பார்கள். ரேடியேட்டர் நீரை வடிப்பதற்கு அது உதவுகிறது.

எஞ்சினில் டீசல் எரிகிறது. சூடு உண்டாகிறது. அந்தச் சூட்டை நீர் வாங்கிக்கொள்கிறது. ரேடியேட்டருக்கு வந்து காற்றில் ஆறுகிறது. மறுபடியும் எஞ்சினுக்குப் போகிறது.

உப்பு நீரை ஊற்றினால் என்ன ஆகும்? வெந்நீர்ப் பானையின் உள்ளே வெள்ளையாகப் படிகிறதே, அதுபோல ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படியும். துருவும் சேரும். குழாய் அடைபடும். எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகும். பழுது பார்க்க ஆயிரக்கணக்கில் செலவாகும்.

அதனால்தான் கூலண்ட் ஊற்றுகிறோம். அது துருவைத் தடுக்கும். ஆனால் அதன் சக்தியும் நாளடைவில் குறையும். அப்போது பழையதை வடித்துவிட்டுப் புதியது ஊற்ற வேண்டும்.

லடாக், இமாசலப் பிரதேசம் போன்ற இடங்களில் கடுங்குளிர் உண்டு. வெறும் நீர் ஊற்றிய வண்டியில் இரவில் நீர் உறைந்துவிடும். உறைந்தால் 100 பங்கு நீர் சுமார் 109 பங்கு இடம் கேட்கும். இரும்பு எஞ்சினே பிளந்து போகலாம். அங்கே மாலையிலேயே நீரை வடித்துவிட வேண்டும். எஞ்சினிலும் தனியாக ஒரு வடிதிருகு இருந்தால், அதையும் திறக்க வேண்டும்.

சரி. வடிப்பதை நாம் ஏன் தள்ளிப் போடுகிறோம்? திருகு கைக்கு எட்டாது. சேறு மூடியிருக்கும். திறந்தால் நீர் நாலு பக்கமும் சிதறும். சட்டைக் கையெல்லாம் நனையும். அதனால் “அடுத்த மாதம் பார்க்கலாம்” என்று விட்டுவிடுகிறோம். வேலையை எளிதாக்கிவிட்டால் தள்ளிப் போட மாட்டோம். அதற்கு நான்கு வழிகள் சொல்கிறேன்.

ஒன்று: திருகைச் சுற்றியுள்ள சேற்றைக் கழுவுங்கள். திருகில் உள்ள ரப்பர் வளையத்தைப் பாருங்கள். காய்ந்து வெடித்திருந்தால் மாற்றுங்கள். அதன் விலை குறைவுதான்.

இரண்டு: பல வண்டிகளில் திருகின் அருகே சிறு மூக்கு இருக்கும். அதில் பொருந்தும் ரப்பர் குழாயை மாட்டுங்கள். மறு முனையை வாளியில் விடுங்கள். ஒரு சொட்டும் சிந்தாது. வேலை முடிந்ததும் குழாயைக் கழற்றி வண்டியிலேயே வையுங்கள்.

மூன்று: சில திருகுகளுக்குக் காது போன்ற பிடி இருக்கும். கை எட்டாவிட்டால் ஒரு சாவி செய்யலாம். அரை முழக் குழாய்த் துண்டை எடுங்கள். ஒரு முனையில், அந்தக் காது நுழையும் அளவுக்கு வெட்டுங்கள். மறு முனையில் குறுக்கே ஒரு கம்பியைச் செருகுங்கள். சாவி தயார்!

நான்கு: வெறும் போல்ட் போன்ற திருகு என்றால், அங்கே சிறு பித்தளைக் குழாய் பொருத்தலாம். பழைய திருகைக் கடைக்குக் கொண்டு போங்கள். மரை சரியாகப் பொருந்த வேண்டும். குழாய் கீழே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. கல் பட்டால் உடைந்துவிடும். வண்டி அதிரும்போது தானே திறக்காத வகையாகவும் இருக்க வேண்டும்.

பிளாஸ்டிக் திருகைக் கையால் மட்டும் இறுக்குங்கள். குறடு போட்டால் முறிந்துவிடும்.

இப்போது மிக முக்கியமான செய்தி. எஞ்சின் சூடாக இருக்கும்போது மூடியையும் திறக்காதீர்கள், திருகையும் திறக்காதீர்கள். உள்ளே அழுத்தம் இருக்கும். கொதிநீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும். கண்ணே போய்விடலாம். எஞ்சின் நன்றாக ஆறட்டும். பிறகு மேல் மூடியை மெதுவாகத் திறங்கள். அதன் பிறகுதான் அடித் திருகு. மேலே மூடியிருந்தால் காற்று உள்ளே போகாது. நீரும் சரியாக வடியாது.

வடித்த கூலண்டை என்ன செய்வது? தரையில் விடாதீர்கள். பல கூலண்டுகளில் எத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு இருக்கிறது. அது இனிக்கும். நிறமும் பச்சையாக, சிவப்பாக இருக்கும். சர்பத் என்று குழந்தை குடித்துவிடும். நாயும் ஆடும் நக்கிவிடும். சிறுநீரகம் கெடும். உயிரும் போகலாம். யாராவது குடித்துவிட்டால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். கூலண்ட் டப்பாவையும் எடுத்துப் போங்கள்.

ஆகவே வாளியில் பிடித்ததை உடனே கேனில் ஊற்றி மூடுங்கள். குடிநீர் பாட்டிலில் ஊற்றவே கூடாது. கேனின் மேல் “நஞ்சு” என்று பெரிதாக எழுதுங்கள். குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். பழைய கூலண்டை வாங்கிக்கொள்ளும் பட்டறையில் கொடுங்கள். கிணற்றிலோ குளத்திலோ சாக்கடையிலோ கொட்டாதீர்கள்.

புதியது ஊற்றும் முன் டப்பாவில் உள்ளதைப் படியுங்கள். எவ்வளவு நீர் கலக்க வேண்டும் என்று அதில் இருக்கும். சிலவற்றில் நீர் கலக்கவே தேவையில்லை. கலக்க வேண்டுமானால் உப்பில்லாத நீரையே கலக்குங்கள். எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும். ஊற்றி முடித்ததும் திருகில் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள்.

நண்பர்களே! நமக்கு இப்போது எழுதத் தெரியும். மாற்றிய தேதியையும், வண்டி ஓடிய கிலோமீட்டரையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த முறை எப்போது என்று நோட்டே சொல்லும். யாரையும் கேட்க வேண்டியதில்லை.