அயலார் உணவும் நம் அரிசியும்



பகற்சந்தைக்கு 'நாளங்காடி' என்று பெயரிட்டது மதுரைக்காஞ்சி. கம்போடியாவின் நாளங்காடிகளில் காலை உணவாக 'நும் பஞ்சோக்' விற்பார்கள். ஊறவைத்து அரைத்த அரிசிமாவை அச்சிலிட்டுக் கொதிநீரில் பிழிந்து, மஞ்சளும் எலுமிச்சைப்புல்லும் சேர்ந்த மீன்குழம்பை ஊற்றி, பச்சை வாழைப்பூவோடு உண்பார்கள். விடிந்ததும் மீன்குழம்பா என்று நம் நாக்குத் தயங்கும். ஆனால் முல்லைப் பெரியாற்று நீரால் 14,707 ஏக்கரில் இருபோகம் காணும் கம்பம் பள்ளத்தாக்கினருக்கு அரிசிமாவும் அச்சும் அந்நியமா? நாம் இடியாப்பத்தை ஆவியில் வேகவைக்கிறோம்; அவர்கள் நீரில் வேகவைக்கிறார்கள்.

இதற்கு உறவான பர்மிய உணவு தமிழகத்துக்கே வந்திருக்கிறது. பர்மாவில் 1962-இல் இராணுவ ஆட்சி வந்தது; அடுத்த ஆண்டுகளில் வணிகம் அரசுடைமையாயிற்று. தலைமுறைகளாக அங்கே உழைத்த தமிழர் பல்லாயிரவர் உடைமையிழந்து திரும்பினர். பறிக்க முடியாதது கைப்பக்குவம் ஒன்றே. சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்தை அடுத்த தெருக்களில் அத்தோவும், வாழைத்தண்டிட்ட மொகிங்காவும் அவர்களுக்கு வாழ்வளித்தன.

ஆகவே, அறியாத உணவைக் கண்டு முகம் சுளிக்குமுன், அது யாருடைய பிழைப்பு என்று எண்ணிப் பார்ப்போம். விடியலில் ஜீப்பேறிக் குமுளி மலை கடந்து ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் நம் பெண்கள் தூக்குவாளியைத் திறக்கையில் எவரும் முகம் சுளிப்பதை நாம் பொறுப்போமா? பிறமொழி இலக்கியத்தை விரும்பிப் படிக்கும் நாம், பிறர் இலையையும் மதிப்போம்.