முதலுதவி முதலாளியின் தயவு அல்ல, கடமை



பேராக் ரப்பர் தோட்டங்களில் அன்று சம்பளம் குறைவு. லயத்து வீடும் சிறியது. ஆனாலும் பால்வெட்டும் கத்தி கையைக் கிழித்தால் கட்டுப்போட, பெரிய தோட்டங்களில் ஒரு டிரஸ்ஸர் இருந்தார். தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டதும், பலருடைய பிள்ளைகள் ஈப்போவில் பட்டறைக்கும் தொழிற்சாலைக்கும் வேலைக்கு வந்தார்கள். டிரஸ்ஸர் கூட வரவில்லை!

அந்தப் பொறுப்பு இப்போது யாருடையது? முதலாளியுடையது. 1991-ல் சுங்கை பூலோ பட்டாசுத் தொழிற்சாலை வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 1994-ல் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் வந்தது. 2024 ஜூன் 1 முதல் வீட்டு வேலை, ராணுவம், கப்பல் வேலை தவிர எல்லா வேலையிடங்களும் அதில் அடக்கம். கடமை தவறும் முதலாளிக்கு அபராதம் 5 லட்சம் ரிங்கிட் வரை போகலாம்.

ஆசிட் கண்ணில் தெறித்தால் உடனே சுத்தமான தண்ணீரில் 15 நிமிடமாவது கழுவ வேண்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை கண் காத்திருக்குமா? முதலுதவிப் பெட்டியைப் பூட்டிவிட்டுச் சாவியை மேனேஜர் வீட்டுக்குக் கொண்டுபோனால், அந்தப் பெட்டி எதற்கு?

"கேட்டால் வேலை போய்விடுமே" என்று பலர் பயப்படுகிறார்கள். பாதுகாப்புக் குறையைச் சொன்னதற்காக ஒருவரை வேலையிலிருந்து நீக்குவது அதே சட்டப்படி குற்றம். சட்டப்படி தரவேண்டிய பாதுகாப்புக்குத் தொழிலாளியிடம் காசு பிடிக்கவும் கூடாது.

நாளை வேலைக்குப் போனதும் மூன்று கேள்வி கேளுங்கள்: பெட்டி எங்கே? சாவி யாரிடம்? முதலுதவி தெரிந்தவர் யார்? பதில் வராவிட்டால், அடிபடுவதற்கு முன்பே பேசுங்கள்.